எண்ணையும் சரத்தையும் ஒப்பிட்டு ஏமாந்த அனுபவங்கள்

வேறொருவர் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிவிட்டுச் சென்ற ஒரு நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நேர்ந்ததை முதலில் சொல்லித் தொடங்குகிறேன்; மற்றவர்கள் தங்கள் அனுபவங்களை இதன்கீழ்த் தொடரலாம். பிஎச்பி 7இல் இயங்கிய அந்த நிரல், ஒரு கோப்பிலிருந்து பொருள் குறியீடுகளை ஒவ்வொன்றாகப் படித்து, தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் இல்லாதவற்றை மட்டும் தரவுத்தளத்தில் சேர்க்கும். பல மாதங்களாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நாள் பாதிக்கும் மேற்பட்ட குறியீடுகளைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. பிழைச்செய்தியோ எச்சரிக்கையோ எதுவும் இல்லை. பதிவேட்டிலும் வேலை வெற்றிகரமாக முடிந்ததாகவே எழுதியிருந்தது.

விடுபட்டவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் ஒரு தடயம் கிடைத்தது. எழுத்தில் தொடங்கிய குறியீடுகள் அத்தனையும் விடுபட்டிருந்தன. "12-அ" என்பதுபோல் இலக்கத்தில் தொடங்கியவை பிழைத்துக்கொண்டன. தவிர்ப்புப் பட்டியலை, மதிப்போடு தரவுவகையையும் காட்டும் வார்_டம்ப் கொண்டு அச்சிட்டுப் பார்த்தேன். யாரோ பட்டியலில் ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்க, அதை முழு எண்ணாக மாற்றிய ஒரு பழைய நிரல்வரி, அந்த இடத்தில் 0 என்ற எண்ணை வைத்திருந்தது.

ஒரு மதிப்பு பட்டியலில் உள்ளதா என்று பார்க்க அந்த நிரல் பயன்படுத்திய இன்_அரே என்ற செயற்கூறு, நாம் வேறாகக் கேட்காதவரை, தரவுவகையைப் பொருட்படுத்தாத இரட்டைச் சமக்குறியின் (==) விதிப்படியே ஒப்பிடும். பிஎச்பி 8க்கு முந்தைய விதிப்படி, எண்ணோடு சரத்தை, அதாவது மேற்கோள்குறிக்குள் எழுதப்படும் எழுத்துத் தொடரை, ஒப்பிட்டால் சரம் எண்ணாக மாற்றப்படும். தொடக்கத்தில் இலக்கமே இல்லாத சரம் 0 ஆகிவிடும். ஆகவே 0 == "தமிழ்" என்பது உண்மை. "12-அ" என்பதோ 12 ஆகி, 0க்குச் சமமாகாமல் தப்பிவிட்டது. 2020 நவம்பரில் வெளிவந்த 8.0 பதிப்பில் இந்த விதி தலைகீழானது: சரம் எண் வடிவில் இல்லையெனில், எண்ணே சரமாக மாற்றப்பட்டு ஒப்பிடப்படுகிறது.

அன்று நான் செய்த திருத்தத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்_அரே செயற்கூற்றுக்கு மூன்றாம் உள்ளீடாக (அளபுருவாக) உண்மை என்ற மதிப்பைக் கொடுத்து, தரவுவகையையும் சேர்த்து ஒப்பிடச் செய்தேன். மறுநாள் எதிர்த்திசையில் புகார் வந்தது. பட்டியலில் 45 என்று எண்ணாக இருந்தது. கோப்பிலிருந்து வந்தது "45" என்ற சரம். இரண்டும் பொருந்தாமல், தவிர்க்க வேண்டியதெல்லாம் உள்ளே வந்துவிட்டது. பட்டியல் முழுவதையும் சரமாக மாற்றிய பிறகே நிலைமை சீரானது.

* * *

மேலே எழுதியவர் கூறிய 8.0 மாற்றத்தை நம்பி, இனி இரட்டைச் சமக்குறியால் ஆபத்தில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இருபுறமும் எண் வடிவிலான சரங்கள் இருந்தால், இன்றும் அவை எண்களாகவே ஒப்பிடப்படுகின்றன. "007" == "7" என்பது 8.0இலும் உண்மைதான்.

நான் சரிபார்க்க நேர்ந்த ஒரு நிரலில், கடவுச்சொல்லின் எம்டி5 ஹாஷை, அதாவது எம்டி5 என்ற முறையில் அதிலிருந்து கணக்கிடப்படும் 32 எழுத்துச் சரத்தை, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தார்கள். 240610708 என்பதன் எம்டி5 ஹாஷில் முதலில் சுழியம், அடுத்து ஈ என்ற ஆங்கில எழுத்து, எஞ்சிய 30 இடங்களிலும் இலக்கங்கள். அறிவியல் குறியீட்டு முறையில் இதைப் பத்தின் அடுக்கால் பெருக்கிய சுழியம் என்று பிஎச்பி படிக்கிறது. அடுக்கு எதுவானாலும் விடை சுழியமே. இதே வடிவ ஹாஷ் தரும் வேறொரு சொல்லைக் கடவுச்சொல்லாக வைத்து ஒரு சோதனைக் கணக்கைத் தொடங்கி, 240610708 என்று தட்டச்சு செய்து உள்ளே நுழைந்து காட்டினேன். எழுதியவர் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணாக மாற்றாமல் ஒப்பிடும் மூன்று சமக்குறி (===) போட்டால் இந்த ஓட்டை அடைபடும்; ஆனால் கடவுச்சொல்லுக்கு எம்டி5 வைத்ததே தவறு என்பதால், கடவுச்சொல்லுக்கென்றே பிஎச்பியில் உள்ள பாஸ்வேர்ட்_ஹாஷ், பாஸ்வேர்ட்_வெரிஃபை என்ற செயற்கூறுகளுக்கு மாற்றச் சொன்னேன்.

* * *

என் அனுபவம் ஜாவாஸ்கிரிப்டில்; சிறியதுதான். படிவத்தின் உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து வரும் மதிப்பு எப்போதும் சரம் என்பதை மறந்து, குறைந்த அளவு பெரும அளவைவிடச் சிறியதா என்று இரு பெட்டிகளை நேரடியாக ஒப்பிட்டிருந்தேன். இருபுறமும் சரமானால் எழுத்து எழுத்தாகவே ஒப்பீடு நடக்கும். ஆகவே "100" < "20" உண்மை. ஒருபுறம் எண்ணாக இருந்தாலே போதும், மறுபுறமும் எண்ணாகிவிடும். என் சோதனைகளிலோ எண்களைத்தான் நேரடியாக எழுதியிருந்தேன். அவை எல்லாம் தேறின, பயனர்கள் கையில் மட்டும் தவறியது. எண்களே நிறைந்த 9, 10, 100 என்ற அணியைக்கூட, ஒப்பீட்டுச் செயற்கூறு கொடுக்காமல் சார்ட் கொண்டு வரிசைப்படுத்தினால் 10, 100, 9 என்றுதான் வரும்.

பைத்தான் 2இல் 10 < "5" என்பது எந்தச் சத்தமும் இல்லாமல் உண்மை என்று வந்துகொண்டிருந்தது. பைத்தான் 3 அதைப் பிழையென்று நிறுத்திவிடுகிறது. அந்தக் கண்டிப்பே எனக்குப் பிடித்திருக்கிறது.

* * *

கட்டளைகளை இயக்கும் ஷெல்களில் ஒன்றான பாஷில் எழுதிய ஒரு காப்புநகல் நிரல் எனக்குக் கொடுத்த அதிர்ச்சியோடு ஒப்பிட்டால், மேலே உள்ளவை சாதுவானவை என்றே தோன்றுகிறது. நகல்களின் எண்ணிக்கை 9ஐத் தாண்டினால் மிகப் பழையதை அழிக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒற்றைச் சதுர அடைப்புக்குறிக்குள் > என்ற குறியைப் போட்டு 9 என்று எழுதினேன். அந்த இடத்தில் ஷெல்லுக்கு அக்குறி ஒப்பீடு அன்று. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் கட்டளை. ஆகவே "9" என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு உருவானது. அடைப்புக்குறிக்குள் மிஞ்சிய எண்ணிக்கை வெறுமையாக இல்லை என்பதற்காகவே நிபந்தனை உண்மையாயிற்று. ஒவ்வொரு இரவும் ஒரு நகல் அழிந்தது.

காரணம் தெரிந்ததும் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்கு மாறினேன். அங்கே அக்குறி ஒப்பீடுதான், ஆனால் சர ஒப்பீடு: "10" என்பது "9"ஐவிட அகரவரிசையில் முந்தியது என்பதால், பத்து நகல்கள் சேர்ந்த பிறகும் எதுவும் அழியவில்லை. வட்டு நிரம்பிய பிறகு, மூன்றாம் முயற்சியில்தான் எண் ஒப்பீட்டுக்குரிய -ஜிடி என்ற சரியான குறிக்கு வந்து சேர்ந்தேன்.

* * *

தொடங்கியவன் மறுபடியும் எழுதுகிறேன். இறுதியாகப் பகிர்ந்தவரின் அனுபவத்தைப் படித்ததும், நான் பராமரிக்கும் சேவையகத்தில் இலக்கங்களை மட்டுமே பெயராகக் கொண்ட காலிக் கோப்புகளைத் தேடிப் பார்த்தேன். "30" என்று ஒன்று இருக்கிறது. அதை உருவாக்கும் நிரல்வரி எங்கே என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.