இத்தாலியின் அப்ருஸ்ஸோ வட்டாரப் பேச்சு புரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

மே 1 அன்று அந்த வட்டாரத்திலுள்ள கொக்குல்லோ கிராமத்துக்குப் போயிருந்தேன். புனித தொமினிக் சுரூபத்தின்மேல் உயிருள்ள பாம்புகளைப் போட்டு ஊர்வலம் விடுவார்களே, அந்த ஊர். கோயிலில் மணிச் சங்கிலியைப் பல்லால் கடித்து இழுத்தால் பல்வலி அண்டாதாம். நானும் இழுத்தேன், இரும்பு ருசி சாயங்காலம்வரை போகவில்லை.

அங்கே மண் அள்ளிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், வயலில் தூவினால் பாம்பு வராது என்று சைகை காட்டிவிட்டு, மந்திரம்போல ஏதோ சொன்னார். போனில் 4 நிமிடப் பதிவு இருக்கிறது. நடுவே பேண்டு சத்தம்.

மொழிபெயர்ப்புச் செயலி 'பாம்பு', 'பல்' தாண்டவில்லை. கூட வேலைபார்க்கும் ரோம்காரர் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். இரைச்சலைக் குறைத்தால் பாட்டி குரலும் போய்விடுகிறது. 2:10 முதல் 2:50 வரைதான் தெளிவு.

அந்த 40 விநாடியைக் கேட்டு எழுதித் தரக்கூடியவர் யாராவது உண்டா?