மருத்துவ வகுப்புக்காக சி.டி. ஸ்கேனை 3டி மாடலாக்கி வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டில் ஏற்றுபவர்கள் கவனத்துக்கு

உடற்கூறியல் பயிற்றுநர்:
ஸ்லைஸ், அதாவது ஸ்கேனின் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படம், 1 மி.மீ. தடிமனுக்குள் இருக்கிற சீரிஸை (படத் தொகுப்பை) கேட்டு வாங்குங்கள். 5 மி.மீ.யில் கல்லீரல் படிக்கட்டு மாதிரி வரும். எத்தனை தடவை ஸ்மூத் செய்தாலும் போகாது. கல்லீரலுக்குள் இருக்கும் போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளம்) தெரிய வேண்டுமென்றால் ரத்தநாளத்தை எடுத்துக்காட்டும் மருந்து ஏற்றி 70 விநாடி வாக்கில் எடுத்த சீரிஸ்தான் சரி.

ஸ்கேனை மாடலாக்க 3டி ஸ்லைசர் என்ற மென்பொருள் இலவசம், அதுவே போதும். எந்த அடர்த்திக்கு மேல் இருப்பதை எடுக்க வேண்டும் என்ற எல்லைதான் திரெஷோல்டு; எலும்புக்கு அதை 200 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.டி.யின் அடர்த்தி அலகு) பக்கத்தில் ஆரம்பித்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். கண்குழியின் தரை காகிதம் மாதிரி மெலிசு. திரெஷோல்டில் அது காணாமல் போய் ஓட்டை விழும். மாணவர் அதை எலும்பு முறிவு என்பார், அவர் மேல் தப்பில்லை. அந்த இடத்தைக் கையால் வரைந்து அடைக்க வேண்டும்.

மென்பொருள் பக்கம் இருப்பவர்:
அடுத்து எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் யூனிட்டி, மாடலை ஹெட்செட்டில் ஓடவைக்கும் மென்பொருள். ஏற்றியதும் திரை காலியாக இருந்தால் ஃபைல் கெட்டுவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். ஸ்கேன் மில்லிமீட்டரில், யூனிட்டி மீட்டரில். 200 மி.மீ. கல்லீரல் 200 மீட்டர் ஆகிவிட்டது, நீங்கள் அதன் வயிற்றுக்குள் நிற்கிறீர்கள். பரப்பின் உள்பக்கத்தை யூனிட்டி வரையாது, அதனால்தான் திரை காலி. அளவை 0.001 ஆக்குங்கள்.

இதைவிட மோசம் இட வலம் மாறுவது. டைகாம் (ஸ்கேன் படங்களின் ஃபைல் வடிவம்) வலக்கை அச்சு, யூனிட்டி இடக்கை அச்சு; ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். மாடலை எஃப்.பி.எக்ஸ். என்ற 3டி ஃபைலாகக் கொண்டுபோனால் அதுவே திருப்பிக்கொள்ளும், எஸ்.டி.எல். என்ற இன்னொரு 3டி ஃபைலை சொந்த ஸ்கிரிப்டில் படித்தால் திருப்புவது நம் பொறுப்பு. வயிறு என்றால், வலப்பக்கம் இருக்க வேண்டிய கல்லீரல் காட்டிக்கொடுத்துவிடும். தனித் தொடை எலும்பில்? ஏற்றுமதிக்கு முன்பே நோயாளியின் வலப்பக்கம் ‘வ’ என்று ஒரு புடைப்பு எழுத்தை ஒட்டிவிடுங்கள். ஹெட்செட்டில் முன்பக்கமாக நின்று பார்க்கும்போது எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இட வலம் மாறித் தெரிந்தால் எலும்பும் அப்படித்தான்.

அவசர சிகிச்சைப் பயிற்றுநர்:
மார்பு அழுத்தத்தை வெறும் ஹெட்செட்டில் சொல்லித்தர முடியாது. நிமிடத்துக்கு 100–120 என்ற வேகம் வரும், 5–6 செ.மீ. ஆழத்துக்குக் கைக்கு எதிர்ப்பு வேண்டும், பொம்மை வேண்டும். கன்ட்ரோலரைப் பிடித்தபடி விரல் கோர்க்க இயலாது. கன்ட்ரோலரை விட்டால், ஒரு கை மறுகையை மறைத்ததும் கேமரா கையைத் தொலைத்துவிடும். ஆழத்தைப் பொம்மையின் சென்சாரிலிருந்தே எடுங்கள். குனிந்தால் அரைக் கிலோ எடை மூக்குக்குச் சரியும், பின்பட்டையை முதலில் இறுக்குங்கள்.

லேப்ராஸ்கோபி (சிறு துளை வழி அறுவை சிகிச்சை) பயிற்றுநர்:
அறுவை சிகிச்சைக்கு வி.ஆர். பயிற்சி உதவுமா என்று பார்த்த 2002 யேல் பல்கலைக்கழக ஆய்வில் ஹெட்செட்டே கிடையாது. திரையும் இரண்டு கைப்பிடியும்தான். 16 பயிற்சி மருத்துவர்கள். வி.ஆர். பயிற்சி பெற்றவர்கள், அது பெறாதவர்களைவிடப் பித்தப்பையை 29% வேகமாகப் பிரித்தார்கள். அங்கே மணிக்கணக்கு இல்லை, தேர்ந்தவர்களின் அளவை எட்டும்வரை பயிற்சி. நம் ஊரில் ‘2 மணி நேரம் வி.ஆர்.’ என்று அட்டவணை போடுவது ஏனோ.

உடற்கூறியல் பயிற்றுநர்:
ஒன்று விட்டுப்போச்சு. டைகாமில் பெயரை அழித்தால் மட்டும் போதாது. தலை சி.டி.யில் தோலையும் சேர்த்து மாடலாக்கினால் முகம் அப்படியே வந்துவிடும், தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தோல் லேயரை எடுத்துவிட்டே வகுப்புக்குக் கொடுங்கள்.