அலமாரியில் 25 ஆண்டு கிடந்த கோன்யாக்

பாளையங்கோட்டைக்காரர்:

பாட்டில்களைச் சேர்ப்பதிலும் பாதுகாப்பதிலும் பட்ட அனுபவங்களைப் பலரும் இங்கே எழுதி வருகிறீர்கள். கோன்யாக் என்னும் பிரெஞ்சுப் பிராந்தி, அதுவும் நல்லதொன்று, எங்கள் வீட்டிலேயே, எங்கள் கண் முன்னாலேயே எப்படிக் கெட்டுப்போனது என்பதை நான் சொல்கிறேன். நம் ஊர் வெயிலில் பாட்டில் சேர்க்கும் எவருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

என் தாய்மாமா கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். 1994-ல் ஒரு துறைமுகத்தில் வாங்கிய வி.எஸ்.ஓ.பி. என்னும் தரக் கோன்யாக் ஒன்றைப் பாளையங்கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பட்டாசலில், அதாவது கூடத்தில், இருந்த கண்ணாடிக் கதவு அலமாரியில் வைத்தார். தட்டின் உயரம் போதவில்லை என்பதால் பாட்டிலைப் படுக்க வைத்தார். ஒயினைப் படுக்க வைத்துத்தானே பாதுகாக்கிறார்கள் என்பது அவர் சொன்ன நியாயம். எதிரேயுள்ள மேற்குச் சன்னல் வழியாகப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அதன் மீது விழும். வருபவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார், திறக்க மாட்டார். 2019-ல் அவருடைய அறுபதாம் கல்யாணம் முடிந்த மறுநாள் இரவு, உறவினர் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு, அதை எடுத்து என் கையில் கொடுத்து, "மருமவனே, இப்ப இது இருபத்தஞ்சு வருசச் சரக்கு, பாத்துத் தெற" என்றார்.

மேலுறையைக் கிழித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. தக்கையைச் சுற்றிப் பிசின் போல ஏதோ கறுத்துக் காய்ந்திருந்தது. கழுத்தளவு நிற்க வேண்டிய மது தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. திருகி இழுத்ததும் தக்கையின் மேல்பாதி கையோடு வந்தது. கீழ்ப்பாதி மாவாக உதிர்ந்து உள்ளே விழுந்தது. வெள்ளைத் துணியில் வடிகட்டி ஆளுக்கு ஒரு விரற்கடை ஊற்றினோம். நிறம் இரண்டாம் டிகாக்‌ஷன் போல வெளிறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் ஈரத் தக்கை வாடையும் நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் வந்தனவே தவிர, உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், இலவங்கப்பட்டை என்று கோன்யாக்கில் நாம் தேடும் மணம் ஒன்றும் மிஞ்சவில்லை. மாமா இரண்டு முறை முகர்ந்து பார்த்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தார்சாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த இரவுக்குப் பிறகுதான் இதைப் பற்றி முறையாகப் படிக்கத் தொடங்கினேன். மாமாவின் கணக்கில் இருந்த முதல் பிழை வயதைப் பற்றியது. பிரான்சின் ஷராந்த் பகுதியில், பெரும்பாலும் யூனி பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து எடுத்த புளிப்பான ஒயினைச் வாலை என்னும் செம்பு வடிகலத்தில் இரண்டு முறை வடிக்கிறார்கள். அறுவடைக்கு அடுத்த ஆண்டு மார்ச் 31-க்குள் வடித்து முடித்துவிட வேண்டும் என்பது சட்டம். வாலையிலிருந்து இறங்கும்போது அது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அதற்கு வயதையும் பக்குவத்தையும் தருவது ஓக் மரப் பீப்பாய்தான். மரத்தின் சாரம் உள்ளே இறங்குவதும், மரத்தின் வழியே காற்று மெல்லப் புகுவதும், ஆவி வெளியேறுவதும் சேர்ந்துதான் அது முதிர்கிறது. வி.எஸ். என்றால் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு, வி.எஸ்.ஓ.பி. என்றால் 4 ஆண்டு, எக்ஸ்.ஓ.வுக்கு 6 ஆண்டாக இருந்த வரம்பை 2018-ல் 10 ஆண்டாக உயர்த்தினார்கள். கண்ணாடியில் அடைத்த அன்றோடு அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. 1994-ல் 4 ஆண்டுச் சரக்காக வந்தது, எங்கள் அலமாரியில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் 4 ஆண்டுச் சரக்குதான்.

இரண்டாவது பிழை படுக்க வைத்தது. ஒயினில் ஆல்கஹால் 12, 13 விழுக்காடு அளவில்தான் இருக்கும். தக்கை நனைந்திருப்பது அதற்கு நல்லது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள மது விடாமல் தொட்டுக்கொண்டிருந்தால் தக்கை அரித்துப்போகும். ஆகவே பிராந்தியானாலும் விஸ்கியானாலும் ரம்மானாலும் நிற்க வைத்தே பாதுகாக்க வேண்டும்.

மூன்றாவது, வெயில். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பீப்பாயிலிருந்து ஆவியாகப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். கோன்யாக் நகரத்தில் அந்த ஆவியை உண்டு வளரும் ஒரு பூஞ்சையால் கிடங்குச் சுவர்களும் ஓடுகளும் கறுத்தே கிடக்கின்றன. ஸ்காட்லாந்தின் விஸ்கிப் பீப்பாய்களில் இந்த இழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. பெங்களூரிலோ 10 முதல் 12 விழுக்காடு வரை போகிறது. இழப்பு அப்படி என்றாலும், அதே வெப்பத்தால் மதுவும் மரமும் விரைவாகக் கலந்து, அங்கே பல ஆண்டு எடுக்கும் பக்குவம் இங்கே சில ஆண்டுகளில் கிடைத்துவிடுகிறது. 2004-ல் கிளாஸ்கோவில் அறிமுகமான பெங்களூரின் அம்ருத் சிங்கிள் மால்ட் விஸ்கியும், பிறகு கோவாவிலிருந்து வந்த பால் ஜானும் உலக அரங்கில் நின்றது இந்த வெப்பத்தைத் துணையாக்கிக்கொண்டுதான். பீப்பாய்க்குள் இருக்கும்போது வளர்த்த அதே வெயில், பாட்டிலுக்குள் வந்த பிறகு அழித்துவிடுகிறது.

மாமாவிடம் இன்னொரு பாட்டிலும் இருந்தது, ஓர் எக்ஸ்.ஓ. அதையும் என்னிடமிருந்த ஏழெட்டு பாட்டில்களையும் அம்பாசமுத்திரத்திலுள்ள எங்கள் பழைய வீட்டின் அரங்குக்கு மாற்றிவிட்டோம். சன்னல் இல்லாத உள்ளறை, கனத்த சுவர், மேலே மச்சு. ஒரு காலத்தில் நெல்லும் கருப்பட்டியும் வைத்திருந்த இடம். சித்திரை மாதத்தில் தெருவில் கால் வைக்க முடியாத நேரத்திலும் அந்தத் தரை குளிர்ந்திருக்கும். நம் முன்னோர் வீடு கட்டும்போதே பாதுகாப்பறை ஒன்றைக் கட்டி வைத்திருக்க, நாம் பட்டாசலில் கண்ணாடி அலமாரி செய்து வெயிலில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உடன்குடிப் பக்கத்தார்:

அண்ணாச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு நேர்ந்ததையும் எழுதத் தோன்றியது. எனக்கு நேர்ந்த இழப்பு திறந்த பாட்டிலில்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஐலா தீவின் விஸ்கி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வந்தபோது வாங்கி வந்தேன். வரியில்லாமல் அனுமதிக்கும் 2 லிட்டரில் ஒன்று அது. அங்கே முளைகட்டிய பார்லியை, பீட் என்னும் சதுப்பு நிலக் கரியை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். திறந்த அன்று என் சித்தப்பாவுக்கு ஒரு சிறு அளவு கொடுத்தேன். சிறுவயதில் பனங்காட்டு விடிலிக் குடிசையில் பதநீர் காய்ச்சியவர் அவர். முகர்ந்து பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்து, "ஏலே, இது பதநி பாகாகுத நேரத்துல மட்டையும் சில்லாட்டையும் எரியுத வாடல்லா" என்றார். விஸ்கியை வர்ணிக்கும் எத்தனையோ குறிப்புகளைப் படித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட அந்த மணத்தை எனக்கு அப்படிக் காட்டிக் கொடுத்ததில்லை. அதன் பிறகு எதை முகர்ந்தாலும், ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியில் உலர்திராட்சையும் பழம்புளியும், போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் முதிர்ந்ததில் தேங்காயும் வெல்லமும் என்று நம் அடுக்களைப் பெயர்களாலேயே எழுதி வைக்கிறேன்.

சித்தப்பாவுக்கு மறுமுறை கொடுக்கலாம் என்று கால் பாட்டில் மீதம் வைத்தேன். ஓராண்டு கழித்து ஊருக்கு வந்து ஊற்றியபோது அந்தப் புகை பெரும்பகுதி போய்விட்டிருந்தது. பாட்டிலில் மது குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிறைக்கிறது. மணத்தை முதலில் தின்பது அந்தக் காற்றுதான். "அன்னைக்குக் குடுத்தது வேற, இது வேற" என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் வலித்தது. இப்போது பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியவுடன், நன்றாகக் கழுவி உலர்த்திய 100 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, தேதி எழுதி வைத்துவிடுகிறேன்.

பாளையங்கோட்டைக்காரர்:

குப்பி யோசனைக்கு நன்றி, எக்ஸ்.ஓ.வைத் திறக்கும் நாளில் கட்டாயம் அப்படியே செய்கிறோம். இப்போதைக்கு அதன் கழுத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டி, மது நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். போன வாரம் அம்பாசமுத்திரம் போயிருந்த மாமா அரங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தார்: "மருமவனே, இந்தச் சித்திரையிலயும் கோடு எறங்கல."