அச்சு நிற்பது இருக்கட்டும், நிருபரின் சம்பளத்தை இனி யார் கொடுப்பது?

செய்திமேசை:
நாளிதழில் நிருபராகத் தொடங்கித் துணையாசிரியராக இருந்தவன் நான். இப்போது ஒரு செய்தித் தளத்தில் வேலை பார்க்கிறேன். "இனி யார் பேப்பர் வாங்கப் போகிறார்கள்?" என்று போகும் இடமெல்லாம் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருக்கிறது. செய்திக்குப் பணம் வந்துகொண்டிருந்த வழி அடைபட்டுவிட்டது.

வாசகர் கொடுத்த விலையில் பெரும்பகுதி தாளுக்கும் விநியோகத்துக்குமே போய்விடும். நிருபரின் சம்பளம் விளம்பரத்திலிருந்து வந்தது. குறிப்பாக வரி விளம்பரங்கள்: வீடு வாடகைக்கு, ஆட்கள் தேவை, பழைய கார் விற்பனைக்கு. 1995-இல் கிரெய்க் நியூமார்க் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளம் அவற்றில் பெரும்பாலானவற்றை இலவசமாக்கியது. மற்ற விளம்பரங்களைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் இழுத்துக்கொண்டன. அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருவாய் 2005-இல் ஏறத்தாழ 4,900 கோடி டாலர்; 2020-இல் அது 1,000 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதில் முதலில் பலியாவது சலிப்பூட்டும் வேலை. நகராட்சிக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் ஒரு பத்திச் செய்தியோடு திரும்புகிற வேலை. அந்தச் செய்தியை யாரும் பகிர மாட்டார்கள். ஆனால் அங்கே ஒருவர் குறிப்பெடுக்கிறார் என்பது மேடையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அலைவரிசை:
பழைய காலத்தை இவ்வளவு தூய்மையாக வரைய வேண்டாம் ஐயா. பெரிய விளம்பரதாரரைப் பற்றிய செய்தி எத்தனை முறை உள்பக்கத்தின் மூலைக்குப் போயிருக்கும்? எது செய்தி என்பதைச் சில ஆசிரியர்கள் மூடிய அறையில் தீர்மானித்தார்கள். மறுப்புக் கடிதம் எழுதினால் அதை வெளியிடுவதும் அவர்கள் விருப்பம்தான்.

இணையம் வந்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 2014 ஜூலையில் எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். ஏவுகணை வண்டி எந்தச் சாலை வழியாக வந்தது என்பதை, பொதுவெளியில் கிடந்த படங்களையும் காணொளிகளையும் வைத்தே பெல்லிங்கேட் என்ற இணையப் புலனாய்வுக் குழு தேடித் தொகுத்தது. அவர்களுக்கு அச்சகமும் இல்லை, முகவர்களும் இல்லை.

செய்திமேசை:
பெல்லிங்கேட்டின் வேலை மிகச் சிறந்தது, அதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் உலகமே பார்த்துக்கொண்டிருந்த நிகழ்வு அது. யாரும் பார்க்காத இடத்துக்கு வாருங்கள்.

கலிஃபோர்னியாவில் பெல் என்று ஒரு சிறு நகரம். மக்களில் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளர்கள். அதன் நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்ததை 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. பின்னர் அவர் சிறைக்குப் போனார்.

அலைவரிசை:
நீங்கள் காட்டும் சான்று உங்களுக்கு எதிராகவே பேசுகிறது. அந்த நிர்வாகி 1993-இல் பதவிக்கு வந்தவர். நீங்களே சொன்ன 2005-ஆம் ஆண்டிலும் அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார், சம்பளமும் ஏறிக்கொண்டிருந்தது. பத்திரிகைகளிடம் பணம் கொட்டிய காலத்தில் அந்தக் கூட்டத்துக்கு யாரும் ஏன் போகவில்லை?

செய்திமேசை:
சரியான கேள்வி. பெரிய நாளிதழ்கள் ஏழைகளின் ஊர்களை அப்போதும் ஓரமாகவே வைத்திருந்தன. ஆனால் உண்மை எப்படி வெளிவந்தது என்பதையும் பாருங்கள். பக்கத்து நகரமான மேவுட்டைப் பற்றி விசாரிக்கப் போன நிருபர்களுக்குத்தான் பெல்லின் கணக்கு தட்டுப்பட்டது. களத்தில் ஆள் நடமாடினால்தான் இப்படி ஏதாவது கையில் சிக்கும்.

இதற்கு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் உள்ளூர் நாளிதழ் மூடப்பட்ட இடங்களில், உள்ளாட்சிகள் கடன் வாங்கச் செலுத்தும் வட்டி கூடியிருப்பதைப் பொருளியல் ஆய்வாளர்கள் கண்டார்கள். கண்காணிப்பு குறைந்தது கடன் கொடுப்பவருக்குத் தெரிகிறது. கூடுதல் வட்டியை, அந்த நாளிதழை ஒருநாளும் பிரித்துப் பார்க்காதவரும் சேர்ந்தே கட்டுகிறார்.

மெய்ப்பு:
நான் அச்சு இதழில் வேலை பார்த்ததே இல்லை. முதல் நாளிலிருந்தே இணையப் பிரிவு. எங்கள் சுவரில் ஒரு திரை இருக்கிறது. எந்தக் கட்டுரையை இந்த நொடியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை சரிந்தால் தலைப்பை மாற்றுவோம், மறுபடியும் மாற்றுவோம். அந்தத் திரை பொய் சொல்வதில்லை. ஆனால் நின்று படித்தவரையும் தலைப்பில் ஏமாந்து உள்ளே வந்தவரையும் அது ஒரே எண்ணாகக் காட்டுகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து, அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டியது. காணொளிதான் எதிர்காலம் என்று ஃபேஸ்புக் சொன்னதும், பல நிறுவனங்கள் எழுதுகிறவர்களை அனுப்பிவிட்டுக் கேமரா வாங்கின. காணொளி பார்க்கும் சராசரி நேரத்தைத் தான் ஈராண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டியதாக 2016-இல் அதே நிறுவனம் ஒப்புக்கொண்டது. வேலை போனவர்கள் போனவர்கள்தான். 2023-இல் கனடா, செய்திக்குப் பணம் கொடு என்று பெரிய இணையத் தளங்களுக்குச் சட்டம் இயற்றியது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அந்த நாட்டில் தன் தளங்களில் செய்திகளையே முடக்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் காட்டுத்தீயால் யெல்லோநைஃப் நகரமே காலி செய்யப்பட்டபோது, மக்களால் ஃபேஸ்புக்கில் ஒரு செய்தி இணைப்பைக்கூடப் பகிர முடியவில்லை. ஆசிரியரின் மூடிய அறையைப் பற்றிச் சொன்னீர்கள், அலைவரிசை. இந்த அறையின் கதவு எங்கே இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

நடுப்பக்கம்:
சந்தாதான் தீர்வு என்று அடுத்து யாராவது சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. நியூயார்க் டைம்ஸ் 2011-இல், பணம் கட்டினால்தான் படிக்கலாம் என்ற கட்டணச் சுவர் எழுப்பிப் பிழைத்துக்கொண்டது. உலகம் முழுவதும் வாசகர் உள்ள இதழுக்கு அது முடியும். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் எழுதும் இதழ் என்ன செய்யும்? சரிபார்த்த செய்தி சுவருக்கு உள்ளே, வதந்தி வெளியே இலவசம். இந்த ஏற்பாடு எனக்கு அச்சமூட்டுகிறது. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் சுவர் எழுப்பாமல் வாசகரின் நன்கொடையைக் கேட்டு நடத்துகிறது. அந்த வழியை இன்னும் பலர் முயன்று பார்க்கலாம்.

அலைவரிசை:
மெய்ப்பு சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் அரசுப் பணம் என்ற பேச்சுக்கு மட்டும் போய்விடாதீர்கள். வியன்னாவில் 1703-இல் தொடங்கிய வீனர் ட்ஸைட்டுங் அரசுக்குச் சொந்தமான நாளிதழ். நிறுவனங்கள் அதில் கட்டாயமாக வெளியிட வேண்டியிருந்த அறிவிப்புகளே அதன் முதன்மை வருவாயாக இருந்தன. சட்டம் மாறி அந்தக் கட்டாயம் போனது, 2023 ஜூனோடு நாளிதழின் அச்சு நின்றது. கொடுக்கும் கை எடுக்கவும் செய்யும். நான் சந்தா கட்டத் தயார். பணம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் தளத்துக்கு மட்டும்.

செய்திமேசை:
நியாயமான நிபந்தனை. அதோடு இன்னொன்றையும் கேளுங்கள். எந்த நீதிமன்றத்துக்கு, எந்த நகராட்சிக்கு, எந்த மருத்துவமனைக்கு நிருபர் இருக்கிறார் என்ற பட்டியலைச் சந்தா கேட்கும் ஒவ்வொரு தளமும் வெளியிட வேண்டும். ஆள் இல்லாத இடங்களையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

அலைவரிசை:
உங்கள் தளம் அதை வெளியிடுமா?

செய்திமேசை:
அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் முன்வைக்கப் போகிறேன். ஆள் இருக்கும் இடங்களைப் போட யாரும் தயங்க மாட்டார்கள். காலியிடங்களைப் போடுவதற்குத்தான் எதிர்ப்பு வரும், அந்தப் பகுதியை விட்டுக்கொடுப்பதாக இல்லை.