அப்டேட்: ஐ.ஆர். படிச்சா ஐ.எஃப்.எஸ். மட்டும்தானா?

போன வருஷம் பி.ஏ. ஹிஸ்டரி முடிச்சிட்டு, சர்வதேச உறவுகள் (ஐ.ஆர்.) படிச்சா ஐ.எஃப்.எஸ். (தூதரகங்கள்ல வேலை செய்ற இந்திய வெளியுறவுப் பணி) தவிர வேலையே இல்லையான்னு கேட்டிருந்தேன்ல, பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில எம்.ஏ. சேந்துட்டேன், ரெண்டு செமஸ்டர் முடிஞ்சது. முதல்ல ஒண்ணு, ஐ.எஃப்.எஸ்.க்கு இந்த டிகிரியே வேணும்னு இல்ல, எந்த டிகிரி இருந்தாலும் அதுக்கான யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதலாம், ஆனா அதுல நாமளே தேர்ந்தெடுக்கிற ஆப்ஷனல் பாடமா பொலிட்டிகல் சயின்ஸ் - ஐ.ஆர். எடுத்தா இங்க படிக்கிறது நேரா கைகொடுக்கும். திங்க் டேங்க் (கொள்கை ஆய்வு அமைப்பு), ஐ.நா. அமைப்புகள், அகதிகளுக்கு வேலை செய்ற என்.ஜி.ஓ., பத்திரிகைன்னு சீனியர்ஸ் அப்ளை பண்ணிட்டு இருக்காங்க, எல்லாத்துக்கும் நல்லா எழுதத் தெரியணும், இன்னொரு மொழி இருந்தா பெரிய பலம். நான் ஃப்ரெஞ்ச் ஆரம்பிச்சுட்டேன். 1974, 1976 இந்தியா-இலங்கை கடல் எல்லை ஒப்பந்தங்கள முழுசா உக்காந்து படிச்சப்போ, எங்க ஊர் மீனவர்கள் பிரச்சனையே வேற மாதிரி புரிஞ்சுது, அதையே டிசர்டேஷனா (எம்.ஏ. ஆய்வேடா) எடுக்கப் போறேன்.