டயர்த்தூள் கலந்த தார் – வேலை பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சைட்காரன், சேலம்

12 வருஷம் ஆகியும் அந்தக் காலைப்பொழுது மனதை விட்டுப் போகவில்லை. பைபாஸ் மேல் அடுக்கு, சிஆர்எம்பி 55 என்ற டயர்த்தூள் கலந்த தார். முதல் நாள் மழையில் வேலை நின்றுவிட்டது. தார் ராத்திரி முழுக்க டேங்கிலேயே கிடந்தது, உள்ளே கிளறும் மோட்டார் ரிப்பேர். காலையில் அடி வால்வைத் திறந்து டப்பாவில் பிடித்தேன். கேழ்வரகுக் களி மாதிரி பொத்தென்று விழுந்தது. குச்சியால் கிளறினால் கருப்புக் குருணை. மேலிருந்து எடுத்ததோ சாதாரணத் தார் போல ஓடியது. ரப்பர் அத்தனையும் அடியில் தங்கிவிட்டது. நிறுத்தலாம் என்று சொன்னேன், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. 6 லோடு போனது. அடுத்த மழைக்கு அந்த 200 மீட்டரில்தான் ஜல்லி பெயர்ந்தது. இப்போதும் அந்த ஒட்டுப் போட்ட இடம் வந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது.

அரவைமில், ஈரோடு

நான் டயர் அரைக்கும் இடத்தில் இருந்தேன். லாரி ரேடியல் டயரில் கம்பி அதிகம் என்பது தெரிந்ததுதான். காந்தம்தான் அதை இழுக்க வேண்டும். ஒருநாள் காந்தத்தில் கம்பி தாடி மாதிரி தொங்கியது, யாரும் வழித்துவிடவில்லை. சாக்கில் கை விட்டுத் தூளை அள்ளினேன், நகக்கண்ணில் மயிரிழைக் கம்பி ஏறிவிட்டது. நான் ஊசியால் கம்பியை எடுத்துக்கொண்டிருந்தபோதே அந்தச் சாக்கையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அது எந்த ரோட்டுக்குப் போனதோ.

கதிர்

இது மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் சார் கண்டுபிடித்த ரோடுதானே? எங்கள் தெருவில் போட்டது நாலு மழை பார்த்தும் அப்படியே இருக்கிறது. சேலம் நண்பர் வேலையில் நடந்த தப்பைப் பொருள்மேல் போடுகிறார்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்

கதிர் தம்பி, இரண்டும் வேறு. வாசுதேவன் சாருடையது பிளாஸ்டிக். சூடான ஜல்லிமேல் தூவினால் உருகிப் பூச்சாகப் பிடிக்கும், அப்புறம்தான் தார். டயர்த்தூள் அப்படி உருகாது, தாரில் உள்ள எண்ணெயைக் குடித்து உப்பும். 1960களில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் சார்லஸ் மெக்டொனால்ட் செய்து காட்டியது இந்த வழி. அங்கே வேலை நடக்கும் இடத்திலேயே கலந்து, முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு உடனே பயன்படுத்துவார்கள். தேக்கினால் ரப்பர் படியும். அதனால் கிளறல் நின்ற டேங்கைத் தொடவே கூடாது.

எனக்கு நடந்தது இவ்வளவுதான்: டிப்பர் இரண்டு மணி நேரம் தாமதம், தார்ப்பாயும் மூடவில்லை. கலவையைப் பரப்ப ரேக் பிடித்த அம்மா இழுத்துப் பார்த்துவிட்டு, "இது வராதுங்க சார்" என்றார். தெர்மாமீட்டரில் 112 டிகிரிதான், கலவை ஆறிவிட்டது. லோடைத் திருப்பி அனுப்பினேன். கான்ட்ராக்டர் இரண்டு நாள் பேசவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரணத் தாரின் சூடு இதற்குப் போதாது, கலக்கும்போது தார் 165 முதல் 185 டிகிரி வரை இருக்க வேண்டும். சிஆர்எம்பி 55-இல் 55 என்பது தார் இளகும் வெப்பநிலை. டேங்கின் மேலும் கீழும் சாம்பிள் எடுத்து இளகுநிலை பாருங்கள், இடையே 4 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். சேலம் தம்பி அன்றைக்கே இதைச் செய்திருக்கலாம்.

சைட்காரன், சேலம்

ஐயா, இரண்டு டப்பாவும் கையில்தான் இருந்தன. லேப் பத்தடி தூரம். ஒரு மணி நேரம் கேட்டேன். கலவையை விரிக்கும் பேவர் மெஷின் காத்திருக்கிறது என்றார்கள்.