மாலையானால் சின்ன முடிவுகூட எடுக்க முடியவில்லை

கேள்வி

எதை முதலில் முடிப்பது, எதை நாளைக்கு ஒதுக்குவது, யாருக்கு என்ன பதில் சொல்வது என்று அலுவலகத்தில் நாள் முழுவதும் ஓயாமல் தீர்மானித்துவிட்டு வீடு திரும்பும் எனக்கு, இரவில் அற்பமான ஒரு முடிவுகூட மலையாகத் தெரிகிறது. நேற்று மகளின் பள்ளிப் படிவம் மேசையில் கிடந்தது. ஓவிய வகுப்பா, இசை வகுப்பா என்று ஒரு கட்டத்துக்குள் குறியிட வேண்டும், அவ்வளவுதான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் படிவத்தைப் பைக்குள் திணித்துவிட்டேன். இது வெறும் சோம்பல் என்கிறார் கணவர். இதிலிருந்து மீண்டவர்கள் வழி சொல்லுங்கள்.

முதல் பதில்

சோம்பல் அல்ல, இதை முடிவெடுக்கும் சோர்வு என்பார்கள். இஸ்ரேலில் பரோல் மனுக்களை விசாரித்த நீதிபதிகளைப் பற்றி 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. அமர்வின் தொடக்கத்தில் ஏறத்தாழ 65 விழுக்காடாக இருந்த சாதகமான தீர்ப்புகள், அமர்வு முடியும் நேரத்தில் பூச்சியத்தை நெருங்கி, இடைவேளைக்குப் பின் மறுபடியும் பழைய அளவுக்கே உயர்ந்தன. களைத்த மனம் இருப்பதை இருந்தபடியே விட்டுவிடப் பார்க்கும் என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். உங்கள் படிவம் பைக்குள் போனதும் அப்படித்தான். முக்கியமானவற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இரண்டாம் பதில்

அந்த ஆய்வை அப்படியே ஏற்பதற்கில்லை. மனுக்கள் விசாரணைக்கு வந்த வரிசை தற்செயலானதல்ல என்றும், வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் அமர்வின் இறுதியில்தான் வந்தன என்றும் அதே ஆண்டிலேயே மறுப்பு எழுந்தது. முடிவெடுக்கும் சோர்வு என்பதற்கு அடிப்படையான, மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்தை 2016இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது, விளைவு ஏறக்குறைய இல்லை என்றே தெரிந்தது. இதனால் உங்கள் களைப்பு பொய் என்று ஆகிவிடாது.

என் அனுபவத்தில் ஆளைக் களைப்பாக்குவது முடிவுகளின் எண்ணிக்கை அல்ல, ஒரே முடிவைத் திரும்பத் திரும்பத் திறப்பதுதான். ஒரு மின்னஞ்சலைக் காலையில் படித்து, பிறகு பார்க்கலாம் என்று மூடி, மதியம் மறுபடி படித்து, இரவில் படுக்கையில் அதையே நினைத்துக்கொண்டிருந்தால், ஒரு பதிலுக்கு மூன்று தடவை உழைத்தாகிவிட்டது. இப்போதெல்லாம் பதில் எழுத நேரம் இருந்தால் மட்டுமே அஞ்சலைத் திறக்கிறேன். உடனே முடிவு செய்ய முடியாததற்கு, எந்த நாளில் முடிவு செய்வேன் என்பதை நாட்காட்டியில் குறித்துவிடுகிறேன்; அதுவரை அதைப் பற்றி யோசிப்பதில்லை. (முதல் வாரம் இது பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இன்னொன்று, பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே எடுத்துச் சொன்னது: எல்லாவற்றிலும் மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டிராமல், நமக்குத் தேவையான நிபந்தனைகளை முதலிலேயே வகுத்துக்கொண்டு, அவற்றை நிறைவு செய்யும் முதல் வாய்ப்பை எடுத்துக்கொள்ளலாம். ஓவியம், இசை இரண்டுமே உங்கள் நிபந்தனைக்குள் அடங்குமென்றால் மேற்கொண்டு யோசிக்க அதில் என்ன இருக்கிறது?

மூன்றாம் பதில்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த முடிவை நீங்கள் ஏன் எடுக்க வேண்டும்? வகுப்புக்குப் போகப்போவது மகள்தானே?

கேள்வி கேட்டவர்

இன்று காலை மகளிடம் படிவத்தைக் கொடுத்தேன். ஓவியத்துக்கு நேராகக் குறியிட்டுவிட்டு, இதை நேற்றே கேட்டிருக்கலாமே என்றாள். அலுவலக அஞ்சல்களுக்கு இரண்டாம் பதிலில் உள்ள முறையைத் திங்கட்கிழமை தொடங்குகிறேன், நாட்காட்டியிலும் குறித்துவிட்டேன்.